கண்ணீர்க் கறை (நாய்)

வெளிர்நிறச் சிறு நாய்களின் உட்கண் மூலையிலிருந்து மூக்கோரமாகப் படியும் செம்பழுப்பு நிறமாற்றம். கண்ணீரிலுள்ள போர்ஃபிரின் நிறமியே இதன் முதன்மைக் காரணம். ஈர முடியில் வளரும் ஈஸ்ட் கறையை அடர்த்தியாக்கும்.

கண்ணீர் வழிதலின் வகை: மிகைச் சுரப்பு (தூசி, ஒவ்வாமை, உள்மடிந்த இமை, உறுத்தும் முடி), வடிகால் குறை (கண்ணீர் நாள அடைப்பு).

இனங்கள்: மால்டீஸ், ஷிட்சு, பூடில், தமிழகத்தில் பொமரேனியன் எனப்படும் வெள்ளை இந்தியன் ஸ்பிட்ஸ்.

நோயறிதல்: கண்ணில் இட்ட ஃபுளூரசின் சாயம் சில நிமிடங்களில் மூக்கில் பச்சையாக வெளிப்படாவிடில் அடைப்பு ஐயுறப்படும்.

தடுப்பு, சிகிச்சை: காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் நாள்தோறும் துடைத்து உலர்த்தல், கண்ணோர முடி நறுக்கல், மூல காரணத்துக்கு மருத்துவம். டைலோசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி கலந்த, ஒப்புதலற்ற கறைநீக்கிகளுக்கு எதிராக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியினர் அரசு கால்நடை மருத்துவமனைகளையும், மேல்சிகிச்சைக்கு 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியையும் நாடலாம்.