சிப்பாய்க்கு மட்டும் ஏன் இத்தனை சட்டம்?

சதுரங்கம் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் சண்டைக்கு வருவது சிப்பாயை வைத்துத்தான். குதிரையின் 'ட' வடிவப் பாய்ச்சலைக்கூட ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எதிராளி தன் சிப்பாயைக் குறுக்காகக் காலிக் கட்டத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற சிப்பாயை எடுத்துக்கொண்டால், "இது கள்ளாட்டம்!" என்று கத்திவிடுவார்கள்.

கள்ளாட்டம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

இந்தியாவில் பிறந்த சதுரங்கத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். பாரசீகம் வழியாக அரேபியர்களிடம் போய் 'ஷத்ரஞ்ச்' ஆனபோதும் அப்படியே. கடைசி வரிசையை அடைந்தால் மந்திரி ஆகலாம். அந்த மந்திரியும் குறுக்காக ஒரே ஒரு கட்டம் போகும், அவ்வளவுதான்!

ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே சிப்பாய்க்கு முதல் நகர்வில் மட்டும் இரண்டு கட்டம் போகும் உரிமை கிடைத்தது. ஸ்பெயினின் கஸ்தீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ 1283-ல் எழுதச் செய்த நூலிலேயே இது இருக்கிறது. ஆட்டம் வேகமானது. ஆனால் ஒரு சிக்கலும் வந்தது. ஒரு கட்டம் மட்டும் போயிருந்தால் எதிரிச் சிப்பாயிடம் வெட்டுப்பட வேண்டியது, இரண்டு கட்டம் தாண்டித் தப்பித்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய வந்ததுதான் 'ஆன் பாசான்'. பிரெஞ்சில் 'போகிற போக்கில்' என்று பொருள். தாண்டிய சிப்பாய் ஒரு கட்டம்தான் போனதாக எண்ணி வெட்டலாம். ஆனால் அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும், விட்டால் உரிமை போய்விடும். இத்தாலிக்காரர்கள் 1880 வரை இதை ஏற்கவே இல்லை!

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மந்திரியின் இடத்தில் இருந்த ராணிக்கு இன்றைய பலம் வந்தது. அதோடு சிப்பாயின் பதவி உயர்வும் ஆட்டத்தின் முடிவையே மாற்றும் விஷயமாகிவிட்டது.

இதற்குள் இந்தியாவில்? பல ஊர்களில் 20-ஆம் நூற்றாண்டிலும் சிப்பாய் ஒரு கட்டம்தான் போனது. கடைசி வரிசையில் எந்தக் காயின் வீட்டை அடைகிறதோ, அந்தக் காயாக மாறும் வழக்கமும் இருந்தது. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இப்படி விளையாடிப் பழகியவர். சர் உமர் ஹயாத் கான் ஆதரவில், இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் ஐரோப்பியச் சட்டங்களைக் கற்றார். யோசித்துப் பாருங்கள், சிறுவயதிலிருந்து கைக்குப் பழகிய ஆட்டத்தை மறந்து மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எவ்வளவு கடினம்! அவர் 1929-ல் லண்டன் போனார். அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-லும் வென்றார். ஹேஸ்டிங்ஸ் 1930-31 போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். 1933-ல் ஊர் திரும்பியவர் 1966-ல் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்குக் கிடைத்தது 2024-ல்தான்.

பின்னர் தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். சர்வதேசச் சட்டங்கள் இங்கே பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே புதிதாகக் கற்பவருக்கு இந்தச் சட்டங்களை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். முதலில் சிப்பாய் ஒரு கட்டம் மட்டும் நகரும் பழைய ஆட்டத்தை இரண்டு முறை ஆடட்டும். பிறகு இரண்டு கட்டத்தைச் சொல்லுங்கள். "அப்போ என்கிட்டேருந்து தப்பிச்சுடுதே?" என்று அவரே கேட்பார். ஆன் பாசானைச் சொல்ல அதுதான் சரியான நேரம்.