நீலப் பூவைக் களையாக்கிய பயிர்

மேற்கு ஆஸ்திரேலியாவில் விதைக்கென்று லூபின் வளர்ப்பவருக்குப் பூக்கும் பருவத்தில் ஒரு வேலை உண்டு. வயல் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கையில் ஒரு செடி மட்டும் நீலமாக நின்றால், அதைப் பிடுங்கிப் போட வேண்டும். கண்ணுக்கு அழகு அந்த நீலம்தான். ஆனால் காட்டுக் குணமும் அதோடு சேர்ந்தே வரும்.

லூபினஸ் அங்குஸ்டிபோலியஸ் என்ற இந்தச் செடி மத்தியதரைக் கடலோர மணல் நிலங்களில் தானாக முளைப்பது, அவரைக் குடும்பம். விரல் விரித்த மாதிரி ஒரே இடத்திலிருந்து பிரியும் சிற்றிலைகள் ஒடுங்கி நீண்டிருக்கும். மேற்கு ஆஸ்திரேலிய மணலில் லூபினஸ் கொசென்டினி என்ற இன்னொரு நீல லூபினும் பரவியிருக்கிறது. அதன் இலை அகலம், மயிர் அடர்ந்தது. பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், இலையைப் பார்க்க வேண்டும்.

காட்டு லூபின் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் விவசாயிக்குத் தொல்லை. விதையில் அல்கலாய்டுக் கசப்பு, தின்றால் நஞ்சு. நெற்று முற்றியதும் வெடித்துச் சிதறிவிடும். விதைத்தோலோ தண்ணீரே இறங்காத அளவுக்கு இறுகியது. ஒரே மழையில் எல்லாம் முளைக்காது, ஆண்டுக்குக் கொஞ்சமாக முளைக்கும். இதை வளர்க்க நினைப்பவர் உப்புத்தாளில் விதையைத் தேய்த்துவிட்டுத்தான் ஊன்ற வேண்டும். ஆணிவேர் ஆழமாகப் போவதால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது சரிவராது. புது மண்ணென்றால் லூபினுக்குரிய வேர்முடிச்சு பாக்டீரியாவையும் விதையோடு சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடி மஞ்சளித்துப்போகும்.

கசப்பை முதலில் வென்றவர்கள் ஜெர்மானியர்கள். 1920களின் இறுதியில் ரைன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் விதைச் சாற்றில் அயோடின் கரைசலை விட்டுப் பார்த்தார். கசப்பிருந்தால் சாறு கலங்கும். லட்சக்கணக்கான செடிகளைச் சலித்த பிறகு, கசப்பு மிகக் குறைந்த சில செடிகள் அகப்பட்டன. அந்தப் பொறுமைக்கு முன்னால் எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

மீதி வேலையை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் செய்தார். இயற்கையாகவே மாறிப்போன செடிகளைத் தேடிப் பிடித்தார். வெடிப்பைத் தடுக்க இரண்டு மரபணுக்கள் கிடைத்தன. ஒன்று நெற்றின் ஓரத் தையலை இறுக்கியது. மற்றது நெற்றுச் சுவர் முறுக்கிக்கொள்ளும் விசையைத் தணித்தது. தண்ணீரை உடனே உறிஞ்சும் மென்தோல் விதையும் சேர்ந்தது.

வெள்ளைப் பூவுக்கு விளைச்சலோடு சம்பந்தமில்லை. அது அடையாளத்துக்காகவே சேர்க்கப்பட்டது. கசப்பு குறைந்த செடியும் கசப்புச் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காட்டுச் செடியின் மகரந்தம் தேனீ மூலம் வந்து கலந்தாலும் வெளியில் தெரியாது. வெள்ளை ஒடுங்கு பண்பு, நீலம் ஓங்கு பண்பு. அதனால் கலப்பு நேர்ந்தால் அடுத்த தலைமுறை நீலமாகப் பூத்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படித்தான் 1967இல் 'யூனிவொயிட்' ரகம் வெளிவந்தது, 1971இல் 'யூனிஹார்வெஸ்ட்'. காட்டுச் செடி பூக்கக் குளிர் வேண்டும். அந்தத் தேவையை நீக்கி, சீக்கிரம் பூக்கும் 'யூனிகிராப்' 1973இல் வந்த பிறகே மழை குறைந்த வடபகுதிக்கும் லூபின் போனது. கோதுமைக்கு முந்தைய போகத்தில் லூபின் போட்டால் மணலில் தழைச்சத்து ஏறும் என்பதைக் கண்ட விவசாயிகளுக்கு வேறு சிபாரிசு தேவைப்படவில்லை.

ஆனால் சில செடிகளிலிருந்து பிறந்த பயிருக்கு நோய் தாங்கும் வலு குறைவு. அந்த வலுவைத் தேடி வல்லுநர்கள் மறுபடியும் மத்தியதரைக் கடலோரக் காட்டுச் செடிகளிடம் போனார்கள். அப்படிக் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் நீலம், கசப்பு, வெடிப்பு. வெள்ளையை மீண்டும் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுக்க வேண்டியிருக்கிறது.