ஸ்ரெதெஸ்கோப்பின் தோற்றமும் அதன் சமூகப் பின்னணியும்

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ரெனே லெயினெக் என்னும் மருத்துவர் தாள்களைச் சுருட்டி ஓர் இளம்பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்ரெதெஸ்கோப் பிறந்தது என்பர். இக்கூற்றுப் பொய்யன்று, ஆயின் முழு உண்மையுமன்று.

அப்பெண் இதயநோயின் அறிகுறிகளுடன் வந்தவள். பருத்த உடலாதலின் மார்பைத் தட்டிப் பார்த்தல் பயன் தரவில்லை. அவளது இளமை கருதி நேரே செவிவைத்துக் கேட்டலும் தகாததாயிற்று. மரத்துண்டின் ஒரு முனையில் ஊசியாற் கீறும் ஒலி மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பதை நினைவுகூர்ந்தே லெயினெக் தாள்களைச் சுருட்டினார். பின்னர் மரக்குழல் செய்து பயன்படுத்தி, தம் முடிவுகளை 1819இல் நூலாக வெளியிட்டார்.

எனினும், ஒலியைக் கேட்பது வேறு. அதன் பொருளை அறிவது வேறு. நோயாளி உயிருடன் இருந்தபோது கேட்ட ஒலியை, அவர் இறந்தபின் அறுத்து நோக்கிய நுரையீரலோடு ஒப்பிட்டபோதே அப்பொருள் புலனாயிற்று. இதற்கு வேண்டிய களத்தை அமைத்தது 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியாகும். வைத்தியசாலைகள் பொது நிருவாகத்தின்கீழ் வந்தன. 1794இல் புதிய மருத்துவக் கல்விக்கூடங்கள் நிறுவப்பட்டன. நோயாளியின் கட்டிலருகே கற்பித்தல் வழக்கமாயிற்று. மார்பைத் தட்டி நோயறியும் முறையை 1761இலேயே வியன்னாவில் அவுவன்புறுக்கர் வெளியிட்டிருந்தார். ஆயின் லெயினெக்கின் ஆசிரியரான கோர்விசார் 1808இல் அதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பின்னரே அது பரவலாயிற்று. தக்க நிறுவனச் சூழல் இல்லாவிடத்து நல்ல கண்டுபிடிப்பும் உறங்கிக் கிடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

அவ்வைத்தியசாலைகளை நிரப்பியோர் பாரிஸின் வறியோர். அவர்தம் மூச்சொலியும் அவர்தம் சடலங்களுமே புதிய அறிவின் மூலப்பொருள்களாயின. ஆனால் அவ்வறிவு அவர்களைக் காத்ததா? கசரோகத்தை இனங்காணக் கற்பித்த லெயினெக்கே 1826இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், அந்நோயால் மாண்டார். அதனைக் குணமாக்க உதவிய ஸ்ரெப்ரோமைசின் 1943இலேயே கண்டறியப்பட்டது. இடைப்பட்ட நூறாண்டுக்கும் மேலாக அக்குழல் நோயைச் சொன்னதேயன்றி நோயை நீக்க வழி காட்டவில்லை.

எனவே, ஸ்ரெதெஸ்கோப் தனியொருவரின் கணநேரச் சிந்தனையின் விளைவு மட்டுமன்று. ஒரு புரட்சியும், அதுவழி எழுந்த கல்வி முறையும், பெயர் எஞ்சாத எண்ணற்ற வறியோரின் உடல்களும் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டன. லெயினெக்கின் பெயரை நினைவில் வைத்துள்ள வரலாறு இவர்களையும் கணக்கிற்கொள்ளும்போதே நிறைவுறும்.