இலுப்பை நெய்யும் முகப்பூச்சும்

வித்துக்களிலிருந்து ஆட்டி எடுக்கப்படும் எண்ணெய்களையும், பனிக்காலத்தில் தாமே உறைந்து நிற்கும் மர நெய்களையும், பசுவின் நெய்யையும் தேன்மெழுகோடு சேர்த்து உருக்கி, முகத்தின் வறட்சியைத் தணிக்கும் பொருட்டு வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் களிம்பு வகை முகப்பூச்சு எனப்படும். கடைகளில் விற்கும் ஸ்நோ, கிரீம் முதலியவற்றினின்று இதனைப் பிரித்துக் காட்டுவது இதில் ஜலம் சேராமையே. இதன் குணங்களும் குறைகளும் அநேகமாக அந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைக்கும் பதார்த்தங்களை, அவற்றுள்ளும் விசேஷமாக இலுப்பை நெய்யை, முன்னிட்டு இப்பொருள் இங்கே விவரிக்கப்படுகிறது.

எண்ணெய் தடவினால் தோலுக்குள் எண்ணெய் ஏறி அதனை மென்மையாக்குகிறது என்பது பொதுவாக வழங்கும் எண்ணம்; அது சரியன்று. சருமத்தின் மேற்புறத்தே மெல்லிய தகடுகள்போல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் இறந்த அணுக்களின் படலத்தை மிருதுவாக வைத்திருப்பது அதில் தங்கிய நீரே. அந்நீர் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் கீழே குறையும்போது படலம் இறுகி, செதிலெழுந்து, வெடிக்கிறது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய இர்வின் பிளாங்க் என்பவர், காய்ந்து இறுகிய தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தும் அவை முறியும் தன்மை நீங்காமலிருப்பதையும், நீர் ஏறியவுடன் அவையே வளைந்து கொடுப்பதையும் பரிசோதித்துக் காட்டினார். எண்ணெயும் நெய்யும் செய்யும் உபகாரம் இருவகைப்பட்டது: உள்ளிருந்து நீர் ஆவியாய்ப் போகாதபடி மேலே திரையிடுவது ஒன்று, செதில்களின் இடுக்குகளை நிரப்பித் தடவும் விரலுக்கு வழவழப்பைத் தருவது மற்றொன்று. ஆகையால், முகம் கழுவித் துண்டால் ஒற்றியபின் ஈரம் முற்றும் உலராதிருக்கும்போதே இப்பூச்சை இடவேண்டும். காய்ந்த முகத்தில் எத்துணை உயர்ந்த நெய்யைத் தடவினாலும் அது காய்ந்த முகத்துக்கு மேல் ஒரு பளபளப்பாகவே முடியும்.

1948 மார்ச் 3 வரையில் தனிச் சமஸ்தானமாயிருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டு, 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமாக ஏற்பட்ட புதுக்கோட்டைப் பிரதேசம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் பாறைக் குன்றுகளும் விரவிய வானம்பார்த்த பூமி. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றோடு வருவது. அது ஓய்ந்தபின் மார்கழியிலும் தையிலும் விடியற்காலைப் பனியும் பகலில் வறண்ட காற்றும் மாறி மாறி வரும்போதுதான் கன்னமும் உதடும் வெளுத்துச் சொரசொரப்பாகிக் குதிகால் வெடிக்கிறது. சித்திரை, வைகாசியில் உஷ்ணம் உச்சத்தை எட்டும். அப்போது முகத்தில் வேர்வையும் எண்ணெய்ப் பசையும் தாமே மிகுந்திருப்பதால், கனத்த பூச்சு வேர்க்குருவுக்கு இடங்கொடுக்குமேயன்றிப் பிரயோஜனப்படாது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் தொழில் செய்பவர்களுக்கோ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காப்பு வேண்டியிருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள்ளும் ஒரே பக்குவம் எல்லோருக்கும் எக்காலத்துக்கும் பொருந்தாது என்பதை இதனால் அறியலாம்.

இம்மாவட்டத்தின் இலுப்பூர் இலுப்பை மரத்தின் பெயரை ஒட்டி வழங்குவது. ஏரிக்கரைகளிலும் கோயில் தோப்புகளிலும் சாலையோரங்களிலும் நின்ற இம்மரங்களின் எண்ணெயைத் தமிழ்நாட்டார் நெடுங்காலம் முக்கியமாக விளக்குக்கே பயன்படுத்தினார்கள். கருவறையில் இரவும் பகலும் எரியும் விளக்குக்கு எண்ணெய் வேண்டியிருந்தமையே தோப்புகள் பலவற்றைக் கோடரிக்குத் தப்புவித்தது என்று கருத இடமுண்டு. மின்விளக்கு வந்தபின், நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் காய்க்கும் மரத்தைப் புதிதாக வைப்பாரும் குறைந்தனர். பங்குனி, சித்திரையில் இரவில் உதிரும் சதைப்பற்றுள்ள இனிய பூக்களும், அதன் பின்னர் ஆனி, ஆடியில் பழுக்கும் பழங்களும் வௌவால்களுக்குப் பெருவிருந்து. அவை சதையைத் தின்று விதையைக் கீழே உதிர்த்துவிட்டுப் போக, விடிந்ததும் பெண்களும் சிறுவர்களும் கூடையோடு சென்று பொறுக்கி வருவது வழக்கம். பொறுக்கிய விதையை வெயிலில் உலர்த்தி, ஓட்டை நீக்கிப் பருப்பை மறுபடியும் காயவைத்துச் செக்கிலிட்டு ஆட்டுகிறார்கள்.

பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெயே. ஆனால் அது முகத்துக்கு ஏற்றதாக இருப்பதும் இல்லாமற்போவதும் செக்கடியில் நிர்ணயமாவதன்று. மரத்தடியிலும் களத்திலுமே நிர்ணயமாகிறது. மழையில் நனைந்த விதையை ஈரத்தோடு குவித்துவைத்தால் கொழுப்பு சிதைந்து அமிலம் பெருகி, எண்ணெய் கறுத்துக் காறல் வீசும். உடனுக்குடன் பொறுக்கி நன்றாகக் காயவைத்த பருப்பு இளமஞ்சள் நிறமான தெளிந்த எண்ணெயைத் தரும். இந்த நல்ல வகை இலுப்பை எண்ணெயிலும் ஒரு கசப்பு வாடை உண்டு. வெந்நீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே மிதப்பதை எடுத்து, ஈரம் போகக் காய்ச்சித் துணியில் வடித்தால் அவ்வாடை குறையுமேயன்றி முழுதும் போகாது. கடைகளில் தீப எண்ணெய் என்று பல எண்ணெய்களைக் கலந்து விற்பவை விளக்குக்கு மட்டுமே உரியவை. இலுப்பைப் பெயர் மேலே எழுதியிருப்பதைக் கண்டு அவற்றை முகத்துக்கு எடுப்பது ஆபத்து.

இலுப்பை நெய் 25 பாகைக்கும் 30 பாகைக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் இளகுவது. ஆதலால் கோடையில் எண்ணெயாகவும், மார்கழி விடியற்காலையில் குழைந்த வெண்ணெயாகவும் ஒரே ஜாடியில் இரு வடிவம் கொண்டிருக்கும். இதில் ஒலீயிக் அமிலம் நூற்றுக்கு 40 முதல் 50 வரையிலும், பால்மிடிக், ஸ்டியரிக் என்னும் உறையும் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 40 வரையிலும், எஞ்சியது பெரும்பாலும் லினோலியிக் அமிலமாகவும் அமைந்திருக்கின்றன. இன்று உலகெங்கும் முகப்பூச்சுகளில் பெயர்பெற்ற ஷியா வெண்ணெய் இதற்கு நெருங்கிய உறவு. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, புர்க்கினா பாசோ முதலிய நாடுகளின் பெண்கள் பருப்பை வறுத்து அரைத்து, நீர்விட்டுக் கையால் அடித்துத் திரட்டி எடுக்கும் அக்கொழுப்பைத் தரும் மரமும், நம் இலுப்பையும், தோட்டத்துச் சப்போட்டாவும், கோயில் நந்தவனத்து மகிழமும், காட்டிலுள்ள பாலையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நைஜர் நதியைத் தேடிச் சென்ற மங்கோ பார்க் ஷியா மரத்தை விவரித்து எழுதியதால் அதன் பழைய தாவரப் பெயரிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. இலுப்பைக்கு அப்படி ஒரு யாத்திரிகர் வாய்க்கவில்லை.

உறவு நெருக்கமாயினும் இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஷியா வெண்ணெயில் சவர்க்காரமாக மாறாத பகுதி, அதாவது கொழுப்போடு ஒட்டிவரும் மெழுகுச் சத்துக்கள், இலுப்பையிலிருப்பதைவிட மிகுதி. ஸ்டியரிக் அமிலமும் அதிகமாதலால் அது கெட்டியாக நிற்கிறது. இலுப்பைக்கு அந்தக் கெட்டித்தன்மையைத் தேன்மெழுகு கொடுக்க வேண்டும். கப்பலேறி வரும் வெண்ணெய்க்குக் கொடுக்கும் விலையில் பத்திலொரு பங்கு கவனத்தைச் சுத்தமான இலுப்பைப் பருப்புக்குக் கொடுத்தால் இம்மாவட்டத்து மரத்தடிகளிலேயே நல்ல சரக்கு திரளும் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். குதிகால் வெடிப்புக்கு இலுப்பை நெய்யைத் தடவுவார் உண்டெனினும், முகத்துக்கு இவ்வட்டாரத்துப் பெண்கள் இயல்பாக எடுப்பது தேங்காயெண்ணெயே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அத்தேங்காயெண்ணெய்க்கு ஆலங்குடி, கீரமங்கலம் பகுதித் தோப்புகள் பெயர்பெற்றவை. 2018 நவம்பர் 16-இல் கரையேறிய கஜா புயல் அத்தோப்புகளைச் சாய்த்ததை அவ்வூரார் மறந்திரார். 24 பாகையில் உறையும் இவ்வெண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். எளிதில் காறாது, வறண்ட தோலுக்கு நல்லது, ஆனால் பரு எழும் முகத்தில் துவாரங்களை அடைத்துப் பருவை வளர்ப்பதுண்டு. நல்லெண்ணெய் உறைவதில்லை, தன்னிடத்துள்ள செசமால் என்னும் பொருளால் நெடுநாள் காறாமலிருப்பது அதன் விசேஷம். செவ்வாய், வெள்ளியில் பெண்களும் புதன், சனியில் ஆண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் முகமும் பங்கு பெற்றுவந்தது. ஆமணக்கெண்ணெய் மிகக் கனத்தது. உதட்டுக்குச் சில துளி போதும். கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கம் ஏராளமாகக் கிடைக்கும் கடலையெண்ணெய் சமையலுக்கே உரியதாக இருக்கட்டும்.

இனி ஆக்கும் முறை. இலுப்பை நெய் 40 கிராம், நல்லெண்ணெய் 40 கிராம், சுத்தமான தேன்மெழுகு 10 கிராம் என்பது பனிக்காலத்துக்கு ஏற்ற அளவு. வெயில்காலத்துக்கு மெழுகை 15 கிராமாக உயர்த்தாவிடில் ஜாடியிலிருப்பது வழிந்தோடும். வாடை பொறாதவர்கள் இலுப்பையைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைத் தேங்காயெண்ணெயால் நிரப்பலாம். மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகுமாதலால், அதைச் சீவிப் போட்ட சிறு பாத்திரத்தைக் கொதிநீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் நிறுத்தி உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைப்பது எண்ணெயைக் கருக்குவதோடு தீப்பற்றவும் இடம் தரும். மெழுகு உருகியதும் எண்ணெய்களைச் சேர்த்து, திரள் கரைந்து தெளிவானவுடன் இறக்கி, ஆறும்வரை மரக்குச்சியால் விடாமல் கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் உறையும் கொழுப்பு தனித்தனியே மணல்போலத் திரண்டு விரலில் உறுத்தும். அப்படி நேர்ந்தால் மறுபடியும் உருக்கிச் சீக்கிரமாகக் குளிரவைப்பதே பரிகாரம். பக்குவத்தைப் பார்க்க, ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியின் முதுகில் விட்டு உறையவைத்து விரலால் தேய்த்தறிவர். முகம் முழுவதற்கும் பட்டாணியளவு போதும்; அதற்கு மேல் இடுவது தலையணை உறைக்குத்தான் சேரும்.

இக்கிரமத்தில் எவ்விடத்திலும் ஒரு சொட்டு நீர் புகலாகாது. பாத்திரம், குச்சி, ஜாடி மூன்றும் கொதிநீரில் கழுவி வெயிலில் உலர்ந்தனவாக இருக்கவேண்டும். எடுக்கும் விரலும் காய்ந்திருக்கவேண்டும். நீரில்லாத கொழுப்பில் கிருமிகள் பெருகுவது அரிது. நீர் சேர்ந்த மாத்திரத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது விளைநிலமாகும். பன்னீரும் கற்றாழைச் சாறும் சேர்த்து வெண்மையாகக் கடைந்தெடுத்த பூச்சு பார்வைக்கு அழகாயிருந்து சில நாட்களிலேயே கெட்டுப்போவது இதனால்தான். நீரையும் எண்ணெயையும் பிரியாமல் கூட்டிவைக்கும் வித்தை பழமையானது: கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர் பெயரால் வழங்கும் குளிர்பூச்சு, ரோஜா எண்ணெயும் மெழுகும் நீரும் அடித்துச் சேர்த்தது. பிற்காலத்தார் வெண்காரம் சேர்த்து அதனை நிலைப்படுத்தினர். நம் நாட்டு வைத்தியத்தில் தாமிரப் பாத்திரத்தில் பசுநெய்யை நூறுமுறை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, மணம் நீங்கிய வெண்ணிறக் களிம்பாக்கும் சததௌத கிருதம் இவ்வகையைச் சேர்ந்ததே; கொப்புளத்துக்கும் எரிச்சலுக்கும் இடப்படும் அதுவும் நீர் கலந்ததாதலால் சிறிது சிறிதாகச் செய்து உடனே உபயோகிக்கத் தக்கது. 1919-இல் பம்பாயில் தோன்றிய ஆப்கான் ஸ்நோ போன்ற தயாரிப்புகள் நீரையும் ஸ்டியரிக் அமிலத்தையும் கூட்டிப் பிசுபிசுப்பில்லாத பூச்சைக் கொடுத்தபோதுதான் வீட்டு நெய்ப்பூச்சு நாகரிகமற்றதாகத் தோன்றத் தொடங்கியது.

வாசனைக்காகச் சேர்ப்பவற்றில்தான் தவறுகள் மிகுதி. கீரமங்கலத்தில் மல்லிகை மலிவாகக் கிடைக்கிறதென்று பூவை அப்படியே எண்ணெயிலிட்டால் பூவின் ஈரம் எண்ணெயைக் கெடுக்கும். வடநாட்டில் எள்ளையும் பூவையும் மாறி மாறி அடுக்கி, எள் மணத்தை ஏற்றபின் பூவை நீக்கி எள்ளை ஆட்டும் முறை வழங்கியதற்கு அதுவே நியாயம். மாவட்டத்தில் வனத்துறை பரவலாக வளர்த்த தைலமரத்தின் எண்ணெய், விதையெண்ணெய் போன்றதன்று. ஆவியாகும் காரமான திரவமாகிய அது முகத்தை எரிக்கும், குழந்தைகளுக்குத் தீங்கும் செய்யும். எலுமிச்சைச் சாறும் கூடாது; அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்படுவதுண்டு. இலுப்பைப் புண்ணாக்கில் நுரைக்கும் சபோனின் மிகுதியாதலால், நன்றாக வடிகட்டாத எண்ணெய் சிலருக்கு அரிப்பைத் தரலாம். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்தபின் முகத்துக்கு எடுப்பது நலம். கண்ணிமைகளில் இடலாகாது. சிவந்து நீர்கசியும் கரப்பான், படை முதலியவற்றுக்கு இது மருந்தாகாது. வைத்தியரிடமே செல்ல வேண்டும்.

இருண்ட இடத்தில் மூடிவைத்த பூச்சு சில மாதங்கள் கெடாமலிருக்கும்; காறல் வீசத் தொடங்கினால் விளக்குக்கோ கதவுக் கீலுக்கோ ஆகும். தனக்கும் தன் வீட்டாருக்கும் ஆக்கிக்கொள்வதற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை. ஜாடியில் அடைத்துப் பெயரொட்டி விற்கத் தொடங்கினால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்துக்கும் 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளுக்கும் உட்பட்டு உரிமம் பெறவேண்டும். சேர்மானங்களையும் தயாரித்த தேதியையும் உறைமேல் குறித்தாகவேண்டும்.