கையும் கருத்தும் சேர்ந்த கல்வி



பழைய மிதிவண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திகைத்து நிற்கும் பிள்ளையை, “போய்ப் புத்தகத்தை எடுத்துப் படி” என்று நாம் அதட்டுகிறோம். கைவேலை வேறு, கல்வி வேறு என்பது நம் எண்ணம். இது தோட்டத்தில் மட்டும் பிறந்த எண்ணமன்று. உலகின் பல பள்ளிகளிலும் அறிவியல் கூடம் ஒருபுறம், பட்டறை மறுபுறம் என்றே நெடுங்காலம் இருந்தது. இவ்விரண்டும் நெருங்கி வந்த கதையை அமெரிக்க நாட்டின் வரலாற்றில் காணலாம்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்கர் கலங்கினர். மறு ஆண்டே சட்டம் இயற்றி, அறிவியல் கல்விக்குப் பெரும்பொருள் ஒதுக்கினர். ஆயினும், ஒரு பொருளைத் திட்டமிட்டு வடிவமைக்கும் பொறியியல், பெரும்பாலும் அறிவியல் பாடத்துக்கு வெளியிலேயே நின்றது. 2001இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைத் தன் அறிவியல் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2013இல் 26 மாநிலங்கள் முன்னின்று உருவாக்கிய புதிய பாடத் தரங்களில், பொறியியல் வடிவமைப்பு இடைநிலை மாணவர்க்கும் அறிவியலின் ஓர் அங்கமாயிற்று.

வகுப்பில் இது எப்படி நடக்கும்? பனிக்கட்டி விரைவில் உருகாத பெட்டி ஒன்றைச் செய்யும்படி மாணவரிடம் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு துணியைச் சுற்றும். இன்னொன்று மரத்தூளை நிரப்பும். அரைமணி கழித்து உருகிய நீரை அளப்பார்கள். தோற்ற குழு காரணம் தேடிப் பெட்டியைத் திருத்தும். வெப்பம் எப்படிக் கடக்கிறது என்பது அப்போது மனப்பாடமாக அன்றி, தேவையாக மனத்தில் பதியும்.

நம் மலேசியாவிலும் 2017 முதல் முதலாம் படிவத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடமாயின.

நம் பெற்றோர் பால்மரத்தில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழுமாறு வெட்டினார்கள். பட்டையிலுள்ள பால்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், அவ்வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கும். பாலும் சரிவில் வழிந்து மங்கில் சேரும். உளி பிடித்த கைக்குள் இவ்வளவு அறிவியல் இருந்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை செய்த பொருள் உடைந்தால் அடிக்க ஓங்காதீர்கள். “ஏன் உடைந்தது? அடுத்து எதை மாற்றுவாய்?” என்று கேளுங்கள். பள்ளியில் நாங்களும் அதையே கேட்கிறோம்.