கண்ணில் சதை வளருதா? வெயில், காற்றால் வரும் 'டெரிஜியம்'... ஆபரேஷன் எப்போது தேவை?

கண்ணின் வெள்ளைப் பகுதியில், மூக்குப் பக்கம் இருந்து இளஞ்சிவப்பாக ஒரு சதை கருவிழியை நோக்கி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். 'கண்ணுல புரை வந்துடுச்சு' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஆனால் இது புரையும் இல்லை, புற்றுநோயும் இல்லை. இதன் பெயர் டெரிஜியம்.

டெரிஜியம் என்றால் என்ன?

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய படலம் தடித்து, ரத்தக் குழாய்களுடன் முக்கோண வடிவில் கருவிழி மீது ஏறுவதுதான் டெரிஜியம். கிரேக்க மொழியில் 'சிறிய இறக்கை' என்று பொருள். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் வருவது. இது கண்ணின் மேற்பரப்பில் வளர்வது.

யாருக்கு வரும்?

முக்கியக் காரணம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள். காற்று, தூசி, கண் வறட்சியும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடுகளில் இது அதிகம். மீனவர்கள், விவசாயிகள், உப்பளம் மற்றும் கட்டடத் தொழிலாளர்கள், நாள் முழுக்க பைக் ஓட்டுபவர்கள் கவனமாக இருக்கணும்.

அறிகுறிகள் என்ன?

* கண் சிவத்தல், எரிச்சல்
* மண் விழுந்தது போன்ற உறுத்தல்
* கண்ணில் நீர் வடிதல்
* சதை பெரிதானால் கருவிழியின் வளைவு மாறி, 'சிலிண்டர் பவர்' வந்து பார்வை மங்குதல்

மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கலாமா?

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். எந்தச் சொட்டு மருந்தும் இந்தச் சதையைக் கரைக்காது. டாக்டர் தரும் சொட்டு மருந்து எரிச்சலையும் வறட்சியையும் குறைக்கும், அவ்வளவுதான். சிவப்பு போகணும் என்று ஸ்டீராய்டு கலந்த மருந்தை நீங்களாகவே மாதக்கணக்கில் போட்டால், கண் அழுத்தம் கூடி கிளாக்கோமா வரலாம். அதில் போன பார்வை திரும்பாது. ஆபத்தில்லாத சதைக்குப் பயந்து, இருக்கிற பார்வையை இழக்க வேண்டாம்.

ஆபரேஷன் எப்போது?

சிறியதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் அவ்வப்போது பரிசோதித்தாலே போதும். பார்வை பாதித்தால், கருவிழியின் நடுப்பகுதியை நெருங்கினால், அல்லது உறுத்தல் தீராமல் இருந்தால் அகற்றுவார்கள். கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து செய்யும் ஆபரேஷன் இது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

சதையை வெட்டி எடுத்து அப்படியே விட்டால் மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம். அதே கண்ணில் வேறு இடத்தில் இருந்து ஆரோக்கியமான படலத்தை எடுத்து ஒட்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். எந்த முறையில் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பது எப்படி?

* 'யுவி 400' பாதுகாப்பு உள்ள, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி அணியுங்கள். கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது.
* வெயிலில் அகலமான தொப்பி போடுங்கள்.
* பைக்கில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.
* ஆபரேஷன் முடிந்த பிறகும் இவற்றைத் தொடருங்கள்.

கவனிக்க: கண்ணில் வளரும் எல்லாமே டெரிஜியம் ஆகிவிடாது. சதை வேகமாக வளர்ந்தாலோ, நிறமோ வடிவமோ மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.