கடைசி அறையில் ஒரு முடிச்சு

யந்திரத்துக்கு ஞாபகம் உண்டா என்று கேட்டால், எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாட்டிகள் சிரிப்பார்கள். மனிதருக்கே ஞாபகம் நிற்காமல் முந்தானையில் முடிச்சுப் போட வேண்டியிருக்கிறதே! ஆனால், முடிச்சுப் போட்டுக்கொண்ட யந்திரம் ஒன்று உண்டு.

1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 'ஃபேமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 14,800 யென். வடிவமைத்தவர்களுக்குத் தலைமை வகித்தவர் மஸாயுகி உவேமுரா. அதன் நகல்கள் 1990களில் நம் ஊர்களுக்கும் வந்தன. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து மாரியோவை ஓடவிட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன்.

அந்தப் பெட்டியின் பிரதான ஞாபகம் எவ்வளவு தெரியுமா? 2,048 பைட். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் தங்கும் சிற்றறை. அவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். 1977இல் வந்த அமெரிக்க அட்டாரிப் பெட்டிக்கு வாய்த்தது வெறும் 128 பைட். ஞாபகச் சில்லுகள் விலை கூடியிருந்த காலம் அது. கண்மாய்த் தண்ணீரை அளந்து பாய்ச்சுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கனத்தை விளக்க வேண்டியதில்லை.

1985இல் வந்த மாரியோ விளையாட்டின் கேஸட்டில் இருந்தது 40,960 பைட். அது அச்சடித்த புத்தகம். படிக்கலாம், திருத்த முடியாது. பெட்டியின் ஞாபகமோ சிலேட்டுப் பலகை. மாரியோ நிற்கும் இடம், மிச்சமுள்ள உயிர், சேர்த்த காசு எல்லாம் அதில்தான் எழுதி எழுதி அழிக்கப்படும். ஒவ்வொரு புள்ளியிலும் மின்சார சுவிட்சுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து நிற்கின்றன. கரண்ட் போனால் பிடி விட்டுப்போகும். மறுபடி வரும்போது அறைகளில் ஏதோ அர்த்தமற்ற எண்கள் கிடக்கும்.

ஆனால் 'ரீசெட்' பொத்தானை அமுக்கினால் கரண்ட் நிற்பதில்லை; சிலேட்டும் அழிவதில்லை. தான் புதிதாகப் பிறந்தோமா, தூங்கி விழித்தோமா என்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் முடிச்சு. மாரியோவை எழுதியவர்கள் கடைசி அறையில் 165 என்ற எண்ணைப் போட்டுவைத்தார்கள். விளையாட்டு தொடங்கும்போது அந்த எண் இருக்கிறதா, அதிகபட்ச ஸ்கோரின் ஆறு இலக்கங்களும் பத்துக்குக் குறைவுதானா என்று பார்க்கும். இரண்டும் சரியென்றால் அந்த ஸ்கோரைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதில் பெரும்பகுதியைத் துடைக்கும். முடிச்சைக் கண்டதும், எதற்காகப் போட்டோம் என்றும் யோசிக்கிற பாட்டியின் புத்தி!

மின்வெட்டுக்கு முன்னால் இந்தச் சாமர்த்தியமும் செல்லாது. எங்கள் வீட்டில் அண்ணன் நல்ல ஸ்கோர் எடுத்ததும் சுவரில் கரியால் எழுதிவைப்பார்.

எந்த மடையை எந்த நாளில் திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருந்த நீர்ப்பாய்ச்சிகள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்கள். அவர்கள் கணக்கைச் சுவரில் எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பல கண்மாய்களில் மடை இருக்கிறது. முறை தெரிந்தவர் இல்லை.